கார் ஸ்பார்க் பிளக்: வாங்கும் முன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

தர்மபுரியில் கார் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நிற்பவன் நான். பாலக்கோட்டிலிருந்து வந்தாலும் அரூரிலிருந்து வந்தாலும், பிளக் வாங்க வருகிறவர்களின் சந்தேகம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. கூட்ட நேரத்தில் முழுதாக விளக்க முடிவதில்லை. அரைகுறையாகச் சொல்லி அனுப்பினால், காசும் போய் இன்ஜினும் கெட்டுவிடுமே என்ற கவலை இருக்கிறது. அதனால் கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துக்கொண்டு, நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறேன். இவை கார்களுக்கானவை. பைக் பிளக்குக்கும் பல விஷயங்கள் பொருந்தும், ஆனால் எண்களும் அளவுகளும் வேறு.

அண்ணா, இந்த பிளக் என்னதான் பண்ணுது? அதை எதுக்கு மாத்தணும்?

சிலிண்டருக்குள் பெட்ரோலும் காற்றும் கலந்திருக்கும். பிஸ்டன் அதை அழுத்திக்கொண்டு மேலே வரும் நேரத்தில் பற்றவைப்பதுதான் பிளக்கின் வேலை. நடுவில் ஒரு முனை, பக்கவாட்டிலிருந்து வளைந்து வரும் இன்னொரு முனை. இரண்டுக்கும் இடையில் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. பேட்டரி மின்சாரத்தை உயர் வோல்ட்டாக மாற்றும் காயிலிலிருந்து வரும் பத்தாயிரக்கணக்கான வோல்ட் அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி விழுகிறது. அந்த இடைவெளியைத்தான் எல்லோரும் ‘கேப்’ என்கிறோம்.

ஒவ்வொரு பொறியும் முனையில் கண்ணுக்குத் தெரியாத அளவு உலோகத்தை அரித்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் நிமிடத்துக்கு 1,000 தடவை பொறி விடுகிறது. சராசரியாக 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 40,000 கிலோமீட்டர் ஓட 800 மணி நேரம் ஆகும். அதற்குள் ஒரே பிளக் 4.8 கோடி தடவை பொறி விட்டிருக்கும். கூராக இருந்த விளிம்பு மழுங்கும், கேப் அகலும், அதைத் தாண்ட இன்னும் அதிக வோல்ட் வேண்டியிருக்கும். ஒரு கட்டத்தில் காயிலால் ஈடுகொடுக்க முடியாது.

என் வண்டி டீசல் பொலிரோ. அதுக்கு எத்தனை பிளக் வேணும்?

ஒன்றுகூட வேண்டாம். டீசல் இன்ஜினில் காற்றை அழுத்துகிற அழுத்தத்திலேயே சூடு ஏறி டீசல் தானாகப் பற்றிக்கொள்ளும். பொறி தேவையில்லை. டீசல் வண்டிகளில் இருப்பது குளோ பிளக். குளிர்ந்திருக்கும் இன்ஜின் காலையில் ஸ்டார்ட் ஆக, முன்கூட்டியே சூடேற்றிக் கொடுப்பது அதன் வேலை. அது வேறு சாமான். இந்தப் பக்கத்தில் சொல்வது எதுவும் அதற்குப் பொருந்தாது.

பெட்ரோல் வண்டிதான். எத்தனை பிளக் வாங்கணும்?

பெரும்பாலும் சிலிண்டருக்கு ஒன்று. ஆல்ட்டோ 800, ஒரு லிட்டர் வேகன்-ஆர் போன்றவை மூன்று சிலிண்டர், ஆகவே மூன்று பிளக். பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் ஸ்விஃப்ட்டுக்கு நான்கு. 2024-இல் வந்த புது ஸ்விஃப்ட்டும் 1.2 லிட்டர்தான், ஆனால் மூன்று சிலிண்டர். அதனால் ‘ஸ்விஃப்ட்’ என்று மட்டும் சொன்னால் போதாது, வருஷமும் சொல்லுங்கள்.

இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் தடுமாறுகிறார்கள். ‘டூயல்ஜெட்’ என்று பெயர் இருப்பதால் சிலிண்டருக்கு இரண்டு பிளக் என்று நினைக்கிறார்கள். அந்த இரண்டு, பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர்களைக் குறிக்கிறது, பிளக் ஒன்றுதான். இன்னொன்று பழைய ஹோண்டா சிட்டி ஐ-டிஎஸ்ஐ. அதில் நிஜமாகவே சிலிண்டருக்கு இரண்டு பிளக், மொத்தம் எட்டு. நான்கு மட்டும் வாங்கிப்போய்த் திரும்பி வருகிறவர்கள் உண்டு.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாத்தணும்?

உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலில் சர்வீஸ் அட்டவணை இருக்கும். அதுதான் கடைசி வார்த்தை. பொதுவாகச் சொன்னால், சாதாரண நிக்கல் பிளக் 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை தாங்கும். பிளாட்டினம், இரிடியம் முனை வைத்த நீண்டகால வகைகள் லட்சம் கிலோமீட்டர் அளவுக்குப் போகும்.

வண்டி டவுனுக்குள்ள நல்லா ஓடுது. தொப்பூர் ஏத்தத்துல மட்டும் இழுக்கமாட்டேங்குது. பிளக்கா இருக்குமா?

இருக்கலாம், முதலில் பார்க்க வேண்டியதும் அதைத்தான். சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் கணவாயில் வண்டி ஆட்களோடும் சுமையோடும் ஏறுகிறது. கியரைக் குறைக்காமல் ஆக்சிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் காற்று நிறையப் புகுந்து அழுத்தம் ஏறும். அழுத்தம் கூடினால் பொறி கேப்பைத் தாண்டுவது கடினம், கூடுதல் வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக், கடைத்தெருவில் மெதுவாகப் போகும்போது சமாளித்துவிடும். ஏற்றத்தில்தான் அதன் குட்டு வெளிப்படும். வண்டி லேசாக உதைத்து உதைத்துப் போவதைத்தான் ‘மிஸ்ஸிங்’ என்கிறோம்.

ஏர் ஃபில்டர் அடைப்பு, கிளட்ச் தேய்மானம், பெட்ரோல் பம்ப் பலவீனம் இவற்றாலும் ஏற்றத்தில் இழுவை குறையும். வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. கிளட்ச் போயிருந்தால் இன்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. பிளக் என்றால் இன்ஜினே விட்டுவிட்டு உதறும், அது சீட்டிலும் ஸ்டியரிங்கிலும் தெரியும்.

நிக்கல், பிளாட்டினம், இரிடியம்னு மூணு சொல்றீங்க. எது நல்லது?

கம்பெனி எதைப் போட்டு அனுப்பியதோ அது நல்லது. காரணத்தைச் சொல்கிறேன். நிக்கல் 1,455 டிகிரியில் உருகும், பிளாட்டினம் 1,768-இல், இரிடியம் 2,446-இல். உருகுநிலை உயர்ந்த, கடினமான உலோகம் பொறியில் மெதுவாகத்தான் அரியும். அதனால் முனையை மிக மெல்லிசாகச் செய்ய முடிகிறது. இரிடியம் பிளக்கின் நடு முனை 0.4 அல்லது 0.6 மில்லிமீட்டர் தடிமன்தான், குண்டூசி போல இருக்கும். மெல்லிய முனையிலிருந்து பொறி கிளம்பக் குறைந்த வோல்ட் போதும். சாதாரண பிளக்கில் அந்த முனை 2.5 மில்லிமீட்டர்.

‘காப்பர் பிளக்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். செம்பு இருப்பது உள்ளே, சூட்டைக் கடத்துவதற்காக. பொறி விழும் முனை நிக்கல் கலவைதான். நிக்கல் பிளக்கும் காப்பர் பிளக்கும் ஒன்றே.

சாதாரண பிளக் வந்த வண்டிக்கு இரிடியம் போட்டா மைலேஜ் கூடுமா?

பழைய பிளக் தேய்ந்துபோயிருந்தால் எந்தப் புது பிளக் போட்டாலும் மைலேஜ் பழைய நிலைக்குத் திரும்பும். அதை இரிடியத்தின் மகிமை என்று எடுத்துக்கொள்கிறார்கள். புது நிக்கல் பிளக்கையும் புது இரிடியத்தையும் வைத்துப் பார்த்தால் சாதாரண ஓட்டத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

லாபம் ஆயுளில் இருக்கிறது. அடிக்கடி கழற்றி மாட்டும் வேலை மிச்சம். உங்கள் இன்ஜினுக்கு அதே அளவு, அதே ஹீட் ரேஞ்சில் (அது என்ன என்று கீழே சொல்லியிருக்கிறேன்) இரிடியம் வகையும் இருக்கிறது என்று பிளக் கம்பெனியின் கேட்டலாக் சொன்னால் தாராளமாகப் போடலாம். அடுத்த வருஷம் வண்டியை விற்கப் போகிறவருக்கு அந்தக் கூடுதல் செலவு வீண்.

அப்ப இரிடியம் வந்த வண்டிக்கு விலை கம்மி பிளக் போட்டு, அடிக்கடி மாத்திக்கலாம்ல?

வேண்டாம். இரிடியம் போட்டு வந்த வண்டியில் காயில், கேப், சர்வீஸ் இடைவெளி எல்லாமே அதை நம்பி வைத்தவை. நிக்கல் முனை சீக்கிரம் தேய்ந்து கேப் அகன்றால் காயில் எப்போதும் மூச்சுப்பிடித்து வேலை செய்யும். ஒரு காயில் போனால், பிளக்கில் மிச்சம் பிடித்த பணத்தைவிட அதிகமாகச் செலவாகும்.

சில இன்ஜின்களில் பிளக்கை எட்டுவதற்கே மேலே உள்ள இன்டேக் பாகத்தைக் கழற்ற வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பிளக் மேல என்னமோ எழுத்தும் நம்பரும் இருக்கே, அதை எப்படிப் படிக்கிறது?

நீங்கள் வாங்க வேண்டியதே அந்தக் குறியீட்டைத்தான். அட்டைப்பெட்டியின் நிறமோ, மேலே போட்டிருக்கும் காரின் படமோ கணக்கில் வராது. என்ஜிகே கம்பெனியின் பிளக் ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பிகேஆர்6இ-11. முதலில் வரும் ‘பிகே’ என்றால் மரையின் குறுக்களவு 14 மில்லிமீட்டர், ஸ்பேனர் மாட்டும் ஆறுமூலை 16 மில்லிமீட்டர். ‘ஆர்’ என்றால் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது. ‘6’ ஹீட் ரேஞ்ச். ‘இ’ என்றால் மரைப்பகுதியின் நீளம் 19 மில்லிமீட்டர். கடைசியில் உள்ள 11, கேப் 1.1 மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. ஒரு எழுத்து மாறினால் பிளக்கே மாறிவிட்டது.

இவற்றில் மரை நீளம் தவறினால்தான் பெரிய ஆபத்து. நீளம் கூடினால் முனை உள்ளே துருத்திக்கொண்டு பிஸ்டனிலோ வால்விலோ இடிக்கலாம். குறைந்தால், சிலிண்டரை மேலே மூடியிருக்கும் ஹெட்டில், பிளக் மூடாமல் விட்ட மரைகளில் கரி ஏறிக் கெட்டியாகிவிடும். அப்புறம் சரியான பிளக்கை வாங்கி வந்தாலும் உள்ளே இறங்காது.

ரெசிஸ்டரையும் லேசாக நினைக்க வேண்டாம். பொறி விழும்போது கிளம்பும் மின் இரைச்சலை அது அடக்குகிறது. அது இல்லாத பிளக் போட்டால் ரேடியோவில் கரகரப்பு கேட்கும். கம்ப்யூட்டர் வைத்த வண்டிகளில் சென்சார் சிக்னலும் குழம்பலாம்.

ஹீட் ரேஞ்ச்னா என்ன? நம்ம ஊர் வெயிலுக்கு ‘கோல்டு பிளக்’ போடச் சொல்றாங்களே?

பிளக்கின் முனை தன் சூட்டை எவ்வளவு வேகமாக ஹெட்டுக்குக் கடத்திவிடுகிறது என்பதுதான் ஹீட் ரேஞ்ச். வேகமாகக் கடத்துவது கோல்டு, அதாவது குளிர்ந்த பிளக். மெதுவாகக் கடத்துவது சூடான பிளக். முனையின் சூடு சுமார் 450 டிகிரிக்கு மேல் இருந்தால் படியும் கரி தானாக எரிந்துபோகும். 850 டிகிரியைத் தாண்டிப் போனால், பொறி விழுவதற்கு முன்பே அந்தச் சூட்டிலேயே கலவை பற்றிக்கொள்ளும். அது பிஸ்டனில் ஓட்டை போடும் அளவுக்குக் கொண்டுபோய்விடும். இந்த இரண்டு எல்லைக்கு நடுவில் முனையை வைத்திருக்கும்படி இன்ஜினைச் செய்தவர்கள் ஒரு எண்ணைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள்.

இப்போது வெயில் கணக்கைப் பார்ப்போம். சித்திரையில் வெளியே 40 டிகிரி, மார்கழிக் காலையில் தளியிலும் ஓசூரிலும் 15 டிகிரி என்றே வைத்துக்கொள்ளுங்கள். வித்தியாசம் 25 டிகிரி. பிளக் முனை வேலை செய்வதோ பல நூறு டிகிரியில். அதோடு, ஹெட்டின் சூட்டைக் கூலன்ட்டும் தெர்மோஸ்டாட்டும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆகவே ஊர் வெயிலுக்காக எண்ணை மாற்ற வேண்டாம். தேவையில்லாமல் கோல்டு பிளக் போட்டால் முனை போதிய சூடு ஏறாமல் கரி பிடித்து, காலையில் ஸ்டார்ட்டிங் தொல்லை வரும். டர்போ பெட்ரோல் இன்ஜின்களுக்குப் பெரும்பாலும் குளிர்ந்த எண்ணும் சிறிய கேப்பும் கம்பெனியே கொடுத்திருக்கும். அதையும் அப்படியே பின்பற்றுங்கள்.

என் வண்டியில இருக்கிறது பாஷ் 7. என்ஜிகேயில 7 குடுங்கண்ணா.

இப்படிக் கேட்டு வாங்கித்தான் பல பேர் தவறான பிளக்கோடு போகிறார்கள். என்ஜிகேயிலும் டென்சோவிலும் எண் ஏற ஏறக் குளிர்ந்த பிளக். பாஷிலும் சாம்பியனிலும் எண் ஏற ஏறச் சூடான பிளக். திசையே நேர்மாறு. பாஷ் 7-க்கு இணை என்ஜிகேயில் 6, டென்சோவில் 20. பாஷ் 8 என்றால் என்ஜிகே 5, டென்சோ 16.

பிராண்டு மாற்றுவது தப்பில்லை. எண்ணை மனக்கணக்கில் மாற்றாமல், வண்டியின் மாடலையும் இன்ஜினையும் சொல்லி அந்தந்தக் கம்பெனியின் கேட்டலாக்கில் பாருங்கள். ஹீட் ரேஞ்ச் மட்டும் பொருந்தினால் போதாது, முன்பு சொன்ன மரை நீளமும் ஆறுமூலை அளவும் பொருந்த வேண்டும்.

பழைய பிளக்கையே எடுத்தாந்திருக்கேன். இதே மாதிரி ஒண்ணு குடுத்துடுங்க.

எடுத்து வந்தது நல்லது, நிச்சயம் உதவும். ஆனால் அது சரியான பிளக்தானா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று கை மாறிய வண்டிகளில், முன்பு இருந்தவர் கிடைத்ததைப் போட்டு ஓட்டியிருப்பார். அதையே பார்த்து நாமும் வாங்கினால் அதே தவறு தொடரும். ஒரே வண்டியில் மூன்று சிலிண்டரில் மூன்று வகைப் பிளக் இருந்து கழற்றியதும் உண்டு.

பழைய பிளக்கோடு ஆர்.சி.யையும் மேனுவலையும் கொண்டுவாருங்கள், அல்லது போட்டோவாவது எடுத்து வாருங்கள். மூன்றும் ஒத்துப்போனால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

புது பிளக்கை அப்படியே போடலாமா, கேப் வெச்சுப் போடணுமா?

பெட்டியிலிருந்து எடுத்ததும் இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை ஒரு தடவை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வரும் வழியில் எங்காவது இடிபட்டு மாறியிருக்கலாம், அதற்காகத்தான் இந்தச் சோதனை. நிக்கல் பிளக் என்றால், வளைந்திருக்கும் பக்க முனையை மட்டும் மெதுவாக அசைத்துச் சரிசெய்யலாம். நடு முனையில் எதையும் ஊன்றி நெம்பக்கூடாது.

இரிடியத்தில் அந்தக் கை வேலையே வேண்டாம். அந்தக் குண்டூசி முனை லேசான நெம்பலுக்கே உடைந்துவிடும். கேப் தவறியிருந்தால் கடையில் திருப்பிக் கொடுத்து வேறு வாங்குங்கள்.

கீழே விழுந்த பிளக்கையும் போடாதீர்கள். பீங்கானுக்குள் மயிரிழை விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது. பொறி கேப்பில் விழாமல் அந்த விரிசல் வழியாகவே போய்விடும்.

எங்க ஊரு மெக்கானிக் உப்புத்தாள் போட்டுத் தேச்சு, தட்டி கேப் வெச்சுக் குடுத்துடுவாரு. அது போதாதா?

கார்புரேட்டர் வைத்த மாருதி 800, அம்பாசடர் காலத்தில் அது நல்ல பழக்கம். அந்த இன்ஜின்களில் பெட்ரோல் கலவை அடிக்கடி கூடிக் குறைந்து கரி பிடிக்கும், தேய்த்தால் சரியாகும். இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பிளக் கரியால் சாவதைவிடத் தேய்மானத்தால் சாவதுதான் அதிகம். தேய்ந்த உலோகத்தை உப்புத்தாள் திருப்பித் தராது. நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க நிக்கல் பிளக்கைத் தேய்த்துப் போடலாம். இரிடியத்தைத் தேய்த்தால் அன்றோடு அது முடிந்தது.

ஒரு சிலிண்டர் பிளக்தான் போயிருக்குன்னு சொன்னாங்க. அதை மட்டும் மாத்தினா ஆகாதா?

எல்லாம் ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு ஓடியவை. ஒன்று போனால் மற்றவையும் நெருங்கிவிட்டன. செட்டாக மாற்றுங்கள். மற்றவை போன மாதம் போட்ட புதுசு, இது மட்டும் உடைந்துவிட்டது என்றால் அதே குறியீட்டில் ஒன்று வாங்கினால் போதும். ஒரே ஒரு பிளக் மட்டும் திரும்பத் திரும்பக் கெட்டால் கோளாறு பிளக்கில் இல்லை, அந்தச் சிலிண்டரில் இருக்கிறது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

கழட்டின பிளக் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல இருக்கு. அதை வெச்சு என்ன தெரிஞ்சுக்கலாம்?

நிறையத் தெரிந்துகொள்ளலாம். அதனால்தான் கழற்றும்போதே எது எந்தச் சிலிண்டரிலிருந்து வந்தது என்று வரிசையாக அடுக்கி வைக்கச் சொல்கிறேன். முனையைச் சுற்றியுள்ள பீங்கான் வெளிர் பழுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் இன்ஜின் ஆரோக்கியமாக இருக்கிறது. விரலில் ஒட்டும் உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகமாகப் போகிறது, அல்லது வண்டி சூடேறும் முன்பே நிறுத்தப்படுகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், பள்ளிக்கூடத்திலிருந்து சந்தை என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டிகளில் இதை அதிகம் பார்க்கலாம். அதே மாடல் வண்டி தினமும் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நெடுஞ்சாலையில் போய்வந்தால் பிளக் சுத்தமாக இருக்கும்.

கறுப்பாக, ஈரமாக, பளபளப்பாக இருந்தால் அது இன்ஜின் ஆயில். பிஸ்டன் ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கும். புது பிளக் சில வாரம் தாங்கும், நோய் போகாது. பெட்ரோல் வாடையோடு ஈரமாக இருந்தால் அந்தச் சிலிண்டரில் பொறியே விழவில்லை. பீங்கான் வெள்ளை வெளேரென்று கொப்பளித்து, முனை உருகியது போல இருந்தால் உடனே கவனியுங்கள். கலவையில் பெட்ரோல் போதாமை, கூலன்ட் குறைவு, தவறான ஹீட் ரேஞ்ச், பிளக்கைச் சரியாக முறுக்காமல் விட்டது, இவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். செங்காவி நிறப் படிவு சில பெட்ரோல் அடிட்டிவ்களில் உள்ள இரும்புச் சேர்மத்தால் வருவது.

வெளியில இருக்கிற வெள்ளைப் பீங்கான்ல, இரும்புக்கு மேலே பழுப்பு வளையம் இருக்கு. கேஸ் லீக் ஆகுதா?

பெரும்பாலும் இல்லை. உயர் வோல்டேஜைச் சுற்றி உண்டாகும் மின்புலம், காற்றில் மிதக்கும் எண்ணெய்த் துகள்களை ஈர்த்துப் பீங்கானில் ஒட்டவைக்கிறது. அதற்குக் கொரோனா கறை என்று பெயர். பிளக்கின் வேலையை அது கெடுப்பதில்லை. பீங்கானில் மேலும் கீழுமாகக் கறுப்புக் கோடு இழுத்திருந்தால்தான் கவலை. பொறி வெளிப்பக்கமாகத் தாண்டியிருக்கிறது என்று அர்த்தம். அந்த பிளக்கையும், அதன் மேல் மாட்டும் ரப்பர் உறையையும் (ரப்பர் பூட்) சேர்த்து மாற்றுங்கள்.

இதே இரிடியம் வேற இடத்துல பாதி விலைக்குக் கிடைக்குது. ஒரிஜினலா, டூப்ளிகேட்டான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

இரிடியம் விலை உயர்ந்த உலோகம். அதைப் பாதி விலைக்கு விற்க நியாயமான வழி கிடையாது. முதலில் நடு முனையைப் பாருங்கள். மெல்லிய கம்பி, நடுவில் நேராக, அடியில் சுற்றிலும் சீரான வெல்டிங்கோடு இருக்க வேண்டும். போலியில் முனை தடிமனாக இருக்கும், அல்லது பக்க முனைக்கு நேராக அமையாமல் ஒதுங்கி நிற்கும். வாஷரைச் சுழற்றிப் பாருங்கள். ஒரிஜினலில் சுழலும், ஆனால் மரையை விட்டுக் கழன்று விழாது. பீங்கானில் உள்ள எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும், மரை வழவழப்பாக இருக்க வேண்டும்.

மல்டிமீட்டர் இருந்தால் இன்னொரு சோதனை செய்யலாம். பிளக்கின் மேல் நுனியிலும் நடு முனையிலும் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ரெசிஸ்டர் பிளக் என்றால் சுமார் 5 கிலோ ஓம் காட்டும். பூஜ்யம் காட்டினால் உள்ளே ரெசிஸ்டரே இல்லை, பெயரில் மட்டும்தான் ‘ஆர்’ இருக்கிறது.

பெங்களூரு ஜே.சி. ரோட்டில் வாங்கினாலும் சரி, உள்ளூரில் வாங்கினாலும் சரி, ஆன்லைனில் வாங்கினாலும் சரி, பில் கேளுங்கள். பில்லில் பார்ட் நம்பர் இருக்க வேண்டும். கொடுக்கத் தயங்குகிற இடத்தில் வாங்காதீர்கள்.

நானே வீட்டுல மாத்திக்கலாமா?

பிளக் மேலாகத் தெரியும் இன்ஜின் என்றால் மாற்றலாம். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்றினால் மரையையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். பிளக் உட்கார்ந்திருக்கும் குழியைக் காற்றடித்துச் சுத்தம் செய்த பிறகே கழற்றுங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி ஒரு சிட்டிகை சிலிண்டருக்குள் விழுந்தாலும் கெடுதல்தான். ஒன்றைக் கழற்றி, ஒன்றை மாட்டி, அப்புறம் அடுத்ததற்குப் போங்கள்.

மாட்டும்போது முதல் சில சுற்று கையால்தான் ஏற்ற வேண்டும். கையால் ஏறவில்லை என்றால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது, திருப்பிக் கழற்றி மறுபடி ஆரம்பியுங்கள். 14 மில்லிமீட்டர் வாஷர் பிளக் என்றால், புதுசில் கையால் இறுகிய பிறகு ஸ்பேனரில் அரைச் சுற்று முதல் முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு வரை. முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இருந்தால் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மில்லிமீட்டர் மரைக்கு 15 முதல் 20 போதும். வாஷர் இல்லாமல் சரிவாக உட்காரும் வகைக்கு, கையிறுக்கத்துக்குப் பிறகு ஒரு சுற்றில் பதினாறில் ஒரு பங்குதான். பெட்டியிலேயே படம் போட்டிருக்கும், வண்டி மேனுவல் வேறு அளவு சொன்னால் அதுதான் சரி.

மரையில கிரீஸ் தடவிப் போட்டா அடுத்த தடவை சுலபமா வருமில்ல?

இப்போதைய பிளக்குகளின் மரையில் துருப்பிடிக்காத பூச்சு கொடுத்தே அனுப்புகிறார்கள். கிரீஸோ, மரை பிடித்துக்கொள்ளாமல் இருக்கத் தடவும் ஆன்டி-சீஸ் பசையோ தடவினால் மரை வழுக்கி, நீங்கள் நினைத்ததைவிடக் கூடுதலாக இறுகிவிடும். மேலே சொன்ன டார்க் அளவுகள் எல்லாம் உலர்ந்த மரைக்கானவை. தடவாமல் போடுங்கள்.

சிஎன்ஜி போட்ட வண்டிக்கு வேற பிளக்கா?

கம்பெனியே சிஎன்ஜி பொருத்தி விற்ற வண்டி என்றால் அதன் மேனுவலில் உள்ள குறியீட்டையே வாங்குங்கள். பெட்ரோல் மாடலும் சிஎன்ஜி மாடலும் ஒன்று என்று நினைத்து வாங்காதீர்கள். கேஸ் கலவையில் பொறி விழ அதிக வோல்ட் வேண்டும், அதனால் முனை தேய்வதும் வேகம். வெளியில் கிட் பொருத்திய வண்டி என்றால் பெட்ரோலுக்குச் சொன்ன இடைவெளிக்கு முன்பே கழற்றிக் கேப்பைப் பாருங்கள். பெட்ரோலில் நன்றாக ஓடி, கேஸுக்கு மாற்றியதும் மிஸ்ஸிங் வந்தால் பிளக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

புது பிளக் செட்டே போட்டாச்சு, இன்னும் மிஸ்ஸிங் போகல. பிளக் டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் சோதனையை மேலே சொன்னபடி செய்துவிடுங்கள். அதில் தேறினால் அடுத்து காயில். சிலிண்டருக்கு ஒரு காயில் இருக்கும் வண்டிகளில் சோதனை சுலபம். ஸ்கேனர் வைத்துப் பார்த்தால் எந்தச் சிலிண்டர் என்று கோளாறு எண் காட்டும்: பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. இரண்டாவதில் கோளாறு என்றால் அதன் காயிலைக் கழற்றி மூன்றாவதில் மாட்டி, மூன்றாவதை இரண்டாவதில் மாட்டி ஓட்டிப் பாருங்கள். எண் பி0303 என்று மாறினால் காயில் போயிருக்கிறது. பி0302 என்றே நின்றால் இன்ஜெக்டரையும், வால்வு, கம்ப்ரஷனையும் பார்க்க வேண்டும்.

வாட்டர் சர்வீஸ் செய்த மறுநாள் ஆரம்பித்த மிஸ்ஸிங் என்றால் பிளக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கும். காயிலைக் கழற்றி, காற்றடித்து உலர்த்தி, ரப்பர் பூட் கிழிந்திருக்கிறதா என்று பார்த்து மாட்டினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். குழியில் இருப்பது ஆயில் என்றால் வால்வு கவர் பேக்கிங் மாற்ற வேண்டும்.

எது காரணமாக இருந்தாலும் மிஸ்ஸிங்கோடு நாள் கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாயில் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து, அதையே உருக்கிவிடும். டேஷ்போர்டில் இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் மெக்கானிக்கிடம் போகும்வரை மெதுவாக ஓட்டலாம். விட்டுவிட்டு மினுக்கினால் ஓரமாக நிறுத்தி, ஆக்சிலேட்டரை அழுத்தாமல் ஆளை வரச்சொல்லுங்கள்.